சர்ச் பள்ளியில் அரசுப் பாடம்தான் நடக்கிறதா? (ராமநாதபுரம் கடற்கரை)

கேள்வி: 2024 ஜூன் 10

திருப்பூரை விட்டுச் சொந்த ஊருக்கே வந்துவிட்டோம், தொண்டிக்குத் தெற்கே. மகளுக்கு 5 வயது முடிந்துவிட்டது. தெரு முனையில் ஆர்.சி. தொடக்கப் பள்ளி. 5 வகுப்புக்கும் சேர்த்து 40 பிள்ளைகள்கூட இல்லை, 2 டீச்சர். இன்னொரு வழி, 11 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மெட்ரிக் பள்ளி, வேன் வரும். சர்ச் பள்ளியில் அவர்கள் இஷ்டத்துக்குத்தான் பாடம், பாதி நேரம் ஜெபமும் பாட்டும் என்கிறார் என் மச்சான். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. அங்கே உண்மையில் என்னதான் சொல்லித்தருகிறார்கள்?

பதில்: ஜூன் 10, இரவு

மச்சான் சொல்வதில் பாதி கதை. இதே மாதிரி ஒரு பள்ளியில் 22 வருஷம் இருந்துவிட்டுப் போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். வேதாளைக்கும் ஏர்வாடிக்கும் இடையில் ஒரு ஊர், அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அது அரசு உதவி பெறும் பள்ளி. சம்பளம் அரசு கொடுக்கும், ஆளைப் போடுவது நிர்வாகம். புத்தகம் ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்கு வரும் அதே பாடநூல் கழகப் புத்தகம், அதே 3 பருவம். 2022 ஜூனிலிருந்து 1 முதல் 3 வகுப்புக்கு எண்ணும் எழுத்தும் (வாசிப்பும் அடிப்படைக் கணக்கும் பிடிபட வைக்கிற அரசுத் திட்டம்), அடுத்த வருஷம் 4க்கும் 5க்கும் அதுவே. வட்டாரக் கல்வி அலுவலர் வருவார், நோட்டைப் புரட்டுவார், கையெழுத்துப் போடுவார். 60 பிள்ளைகள் வரைக்கும் 2 டீச்சர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு, அதனால் 2 பேர் என்றதும் பயப்பட வேண்டாம்.

சர்ச்சுக்கென்று இருப்பது காலை ஜெபமும் ஒரு 20 நிமிடமும்தான். அந்த 20 நிமிடம் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி (வேதபாடம்), மற்றவர்களுக்கு நன்னெறி. பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மறைக்கல்வியில் உட்கார வைக்கக் கூடாது, அரசியல் சட்டம் 28(3). முடிந்தது.

ஜூன் 11

முடியவில்லை. ராத்திரி யோசித்தால் உங்கள் கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்று தோன்றியது. என்ன புத்தகம் என்று சொன்னேன். என்ன சொல்லித்தருகிறார்கள் என்றல்லவா கேட்டீர்கள்?

ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம் வேறு, கலைத்திட்டம் வேறு என்று மனப்பாடம் செய்ய வைத்தார்கள். 10 மதிப்பெண் கேள்வி. பரீட்சைக்கு எழுதினேனே தவிர, வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் புரிந்தது. பாடத்திட்டம் சென்னையிலிருந்து கட்டுக் கட்டாக வரும். அதை யாருக்கு, எதைத் தொட்டுக்கொண்டு, எந்த வரிசையில் கொடுப்பது என்பது அந்த ஓட்டுக் கட்டடத்துக்குள் 2 பேர் முடிவு செய்வது, அதுதான் கலைத்திட்டம். மச்சான் சொல்லும் 'இஷ்டம்' இதுதான் என்றால் ஆமாம், இஷ்டத்துக்குத்தான் நடத்தினோம்.

என் முதல் வருஷம். சுவரில் எழுத்துப் படம், ஏ என்றால் ஏர். ஒன்றாம் வகுப்புப் பையனிடம் இது என்னடா என்றேன். "நங்கூரம்." அவன் பக்கத்துப் பிள்ளையும் நங்கூரம் என்றது. மொத்த வரிசையும் நங்கூரம். ந-வில் ஆரம்பிக்கிற சொல்லை ஏ-க்கு எப்படி எழுதச் சொல்வது? நான் பரமக்குடிப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண். எனக்கு அது ஏராகத் தெரிந்தது. உண்மையில் அந்தப் படம் நங்கூரம் மாதிரிதான் இருந்தது, திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டேன்.

அந்த வருஷம் பிள்ளைகளிடமே கேட்டு ஒரு வரிசை எழுதினோம். ஆமை, இறால், ஈயக்குண்டு, உல்லம், ஊளி, எஞ்சின், ஏலம், ஐஸ் பெட்டி, ஓரா. (உல்லம், ஊளி, ஓரா மூன்றும் மீன்.) ஈயக்குண்டு என்று சொன்னது 5 வயதுப் பிள்ளை. அது வலையில் கட்டும் ஈயம், ஈ-க்கு ஈயைத் தவிர எனக்கு எதுவும் தெரிந்திருக்கவில்லை. ஐ-க்கு நான் ஐவர் என்றேன், யாருக்கும் பிடிக்கவில்லை.

ஜூன் 11, கொஞ்ச நேரம் கழித்து

ஔ-க்கு என்ன வைத்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஔவையார்தான். கடலில் ஔ கிடையாது.

ஜூன் 15

இன்று அதிகாலை விசைப்படகுகளெல்லாம் கிளம்பியிருக்கும், நேற்றோடு மீன்பிடித் தடைக்காலம் முடிந்தது. எங்கள் ஊர் நாட்டுப்படகு ஊர், தடை எங்களுக்குக் கிடையாது. ஆனால் பாதி அப்பாமார் மண்டபத்திலும் ராமேசுவரத்திலும் விசைப்படகில் ஆளாகப் போகிறவர்கள். முன்னே தடை 45 நாள், ஏப்ரல் 15 தொடங்கி மே 29இல் முடிந்துவிடும். பள்ளி திறக்கும்போது கையில் கொஞ்சம் காசு இருக்கும். 2017இல் 61 நாளாக்கினார்கள். அது மீனுக்கு நல்லது, சரி. ஆனால் பள்ளி திறக்கும் நாளில் வீட்டில் காசு இருக்காது. பை இல்லாமல் வரும், செருப்பு இல்லாமல் வரும், சில பிள்ளைகள் ஜூன் 15க்குப் பிறகுதான் வரும். முதல் வாரத்தில் புதுப் பாடம் எடுக்கக் கூடாது என்பது நாங்கள் யாரையும் கேட்காமல் போட்டுக்கொண்ட விதி. அந்த வாரம் பழைய பாடம், பாட்டு, கதை. மச்சான் ஜூன் முதல் வாரத்தில் எட்டிப் பார்த்திருந்தால் பாதி நேரம் பாட்டுதான் என்று சொல்லியிருப்பார், அதிலும் தப்பில்லை.

அட்டைக் கதையைச் சொல்லாமல் போனால் தூக்கம் வராது. 2001இல், நான் சேர்ந்த வருஷம், கடலட்டை (கடல் தரையில் ஊர்கிற உயிரினம்) பிடிக்கத் தடை வந்தது. அட்டை என்று சத்தமாகச் சொல்லவே ஊரில் பயம். சில வருஷம் கழித்துச் செயல்வழிக் கற்றல் வந்தது. புத்தகத்துக்குப் பதில் பாட அட்டைகள், தட்டு தட்டாக. ஏணிப்படி வரைந்த தாளைப் பார்த்து, தான் எந்தப் படியில் நிற்கிறோமோ அந்த அட்டையைப் பிள்ளை தானே எடுத்துவர வேண்டும். சாயங்காலம் ஒரு பிள்ளை வீட்டில் போய், "இன்னைக்கு நான் 4 அட்டை எடுத்தேன், டீச்சர் இன்னும் எடுக்கச் சொல்லுச்சு" என்றிருக்கிறது. மறுநாள் காலை அதன் தாத்தா பள்ளி வாசலில். "ஏம் டீச்சர், பிள்ளையை ஜெயிலுக்கு அனுப்பவா?"

சிரித்து முடிக்கக் கால்மணி நேரமானது. அவர் சிரிக்கவில்லை.

ஆனால் அந்த அட்டை முறை எங்களுக்கு வரப்பிரசாதம். ஒரே ஹாலில் 5 வகுப்பு, 2 பேர். மூன்றாம் வகுப்புக்கு வகுத்தல் நடத்தும்போது ஒன்றாம் வகுப்பு என்ன செய்யும்? காலம் காலமாக, பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். வகுப்பு கலந்து பாயில் உட்கார்ந்து அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்று அரசாங்கமே சொன்னபோது, நகரத்து டீச்சர்கள் தலையில் கை வைத்தார்கள், நாங்கள் 'அட, நம்ம பிழைப்பு' என்றோம். இப்போது எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரிப்பதும் அதே மாதிரிதான். கூடவே செல்போனில் பதிவேற்றுகிற வேலை. அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

ஜூன் 16

நேற்றையதில் வருஷம் போட மறந்தேன். செயல்வழிக் கற்றல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003, மாநிலம் முழுக்க 2007-08.

கணக்கு பற்றிக் கேட்டிருந்தார் ஒருவர். ஒரே ஒரு நாளைச் சொல்கிறேன்.

நான்காம் வகுப்பு, வகுத்தல். புத்தகக் கணக்கு ஓடவில்லை, மிட்டாயைச் சமமாகப் பிரிக்கச் சொன்னால் பிள்ளைகளுக்குக் கொட்டாவி வந்தது. சரி என்று பங்கு கணக்கு போட்டேன். ஒரு வத்தை (சின்ன நாட்டுப்படகு), 4 ஆள். மீன் 4,200 ரூபாய்க்கு ஏலம் போனது. எண்ணெய், ஐஸ், சாப்பாடு 900. எங்கள் ஊர் வழக்கப்படி ஆளுக்கு ஒரு பங்கு, வத்தைக்கு ஒன்று, வலைக்கு ஒன்று. ஒரு பங்கு எவ்வளவு? போர்டில் எழுதி முடிப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன், "550." சரியான விடை. நோட்டில் போடச் சொன்னேன். 3,300ஐ 6ஆல் வகுக்கத் தெரியவில்லை அவனுக்கு, 55 என்று எழுதி வைத்திருந்தான். வாயில் 550, நோட்டில் 55.

அதைவிடப் பெரிய விஷயம் அடுத்து அவன் கேட்டது. "டீச்சர், யாவாரி கமிஷன் எங்க?"

முன்பணம் கொடுத்த வியாபாரி மீனைத் தானே எடுத்துக்கொண்டு, விற்ற காசில் கமிஷனும் பிடிப்பார். எனக்குத் தெரியாது என்றில்லை. கணக்கில் போடத் தோன்றவில்லை. எவ்வளவுடா என்றேன், நூத்துக்குப் பத்து என்றான். 4,200இல் 420 போனால் 3,780, செலவு 900 போனால் 2,880. பங்கு 480. ஆளுக்கு 70 ரூபாய் குறைந்ததும் வகுப்பு முழுக்க ஒரு முனகல், ஏதோ அவர்கள் கைக்காசு போன மாதிரி. சதவீதம் அந்த வயசுக்குப் பாடமே இல்லை. அன்றைக்கு எல்லோருக்கும் புரிந்தது.

அன்று மாலை பாடக்குறிப்பில் 'வகுத்தல்' என்று மட்டும் எழுதினேன். வேறென்ன எழுத?

ஜூன் 17

கடலில் ஆழம் அளக்கும் பாகம் என்றால் 6 அடியா 5 அடியா என்று இரண்டு பேர் கீழே சண்டை போட்டுக்கொள்கிறீர்கள். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். எந்த ஆளின் கை என்று நீங்கள் இருவரும் சொல்லவில்லையே. நாங்கள் 7 அப்பாமாரை வரவழைத்து டேப் வைத்து அளந்தோம், 7 பேருக்கும் 7 அளவு. மீட்டர் எதற்கு வேண்டும் என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 23

ஒரு வாரமாக எல்லோரும் ஆகா ஓகோ என்கிறீர்கள். அடுத்த பாதியையும் சொல்லிவிடுகிறேன்.

கடல் சொற்கள், பங்கு கணக்கு என்று 3 வருஷம் ஓடியபின் ஒரு பெற்றோர் கூட்டம். பாசிக்குப் போகிற அம்மா ஒருவர் எழுந்தார். நனைந்த விரலெல்லாம் வெடிப்பு. மரிக்கொழுந்துப் பாசி எடுக்க முங்கி முங்கிப் பாறை கிழித்த விரல். "நாங்கதான் கடல்ல கெடக்கோம். அதுகளுக்கும் கடலையே சொல்லிக்குடுத்தா என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? இங்கிலீசு சொல்லிக்குடுங்க."

என்னிடம் பதில் இல்லை. பக்கத்தில் இருந்த வயதான சார் ஒருவர் (முன்பு அங்கே தலைமையாசிரியர்) மெதுவாக, "1953" என்றார். ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று ஊரெல்லாம் எதிர்த்து, காமராஜர் முதல்வரானதும் 1954இல் போன திட்டம். நான் செய்வது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்? மகன் நோட்டைத் திறந்தால் ஊளியும் ஓராவும் வத்தையும்.

சுவரிலிருந்த எழுத்துப் படத்தைக் கழற்றினேன். ஒரு வருஷம் பெட்டியில் கிடந்தது. அந்த வருஷம் ஏர்தான்.

கழற்றியது கோழைத்தனமா, நியாயமா? இன்னும் எனக்கு ஒரு முடிவில்லை. திரும்ப மாட்டியபோது ஒரு மாற்றம் செய்தோம். கடல் சொல் ஒன்றாம் வகுப்பு முதல் பருவத்துக்கு மட்டும், எழுத்து பிடிபடும் வரைக்கும். பிறகு ஏரும் வரும், ரயிலும் வரும், பார்க்காத பனிமலையும் வரும். ஆங்கிலத்துக்குத் தினம் அரைமணி நேரம் கூடுதல். அந்த அரைமணியில் என் உச்சரிப்பைக் கேட்டு என் மகள் வீட்டில் சிரிப்பாள். அதை அந்த அம்மாவிடம் சொல்லவில்லை.

மெட்ரிக்கா, தெரு முனையா என்பதற்கு இதில் பதில் இருக்கிறதா என்று கேட்டால், இல்லை தம்பி. ஆங்கிலம்தான் உங்கள் முதல் கவலை என்றால் எங்கள் மாதிரிப் பள்ளியில் அது மெலிவுதான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் 5 வயதுப் பிள்ளைக்குப் போக வர 22 கிலோமீட்டர் வேன், யோசியுங்கள்.

ஜூன் 24

கலாம் எங்கே படித்தார் என்று ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் மாவட்டத்தில் கல்வியைப் பற்றி எந்தப் பேச்சும் மூன்றாவது நிமிடம் கலாமிடம் போய் நிற்கும். ராமேசுவரம் ஊராட்சித் தொடக்கப் பள்ளி, பிறகு ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் பள்ளி. முதலாவது ஊராட்சி, இரண்டாவது சர்ச். இரண்டு கட்சிக்கும் ஆளுக்குப் பாதி, கலையுங்கள்.

ஜூலை 20

ஒரு மாதமாக இந்தப் பக்கம் வரவில்லை. 15ஆம் தேதியிலிருந்து காலை உணவு கிராமத்து உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் போன வருஷம் ஆகஸ்டிலேயே வந்தது. ஒரு வருஷம் எங்கள் பிள்ளைகள் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளிடம் உப்புமா கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். உப்புமாவுக்கு ஏங்கிய பிள்ளைகளை வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

இதற்கும் பாடத்துக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? வருகைப் பதிவேட்டில் நான் பென்சிலால் அமாவாசை, பவுர்ணமிக்குப் புள்ளி வைத்திருப்பேன். தண்ணீர் நன்றாக வற்றும் அந்த நாட்களை ஒட்டித்தான் அம்மாமார் பாசிக்குப் போவார்கள். விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். பெரிய பிள்ளை தம்பி தங்கையை வைத்துக்கொண்டு வீட்டில். புள்ளி வைத்த நாளில் பாதி வகுப்பு காலி. அதனால் கூட்டல் கழித்தலுக்கு அடுத்த படி, புது எழுத்து, எதையும் அந்த நாட்களில் வைக்க மாட்டோம். வாரத் திட்டம் எழுதச் சொல்லி மேலே இருந்து படிவம் வரும். நான் உண்மையில் ஓட்டியது பிறைத் திட்டம்.

இப்போது இருக்கும் டீச்சர் நேற்று போனில் சொன்னாள். புள்ளி நாள் நெருங்குகிறது, பார்ப்போம் என்று இருந்திருக்கிறாள். வழக்கமாக வராத பிள்ளைகள் சீக்கிரமே வந்து வாசலில் உட்கார்ந்திருக்கின்றன, 2 வயதுத் தம்பியையும் இடுப்பில் தூக்கிக்கொண்டு. தம்பிக்கும் தட்டு போட முடியுமா என்று கேட்டதாம். விதியில் இடமில்லை. என்ன செய்தாள் என்று நான் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 4

முதல் குறிப்பில் 28(3) என்று எழுதி முடிந்தது என்றேன். அது வக்கீல் பதில். நடப்பது வேறு.

பல வருஷம் எங்கள் பள்ளியில் யாரும் எந்தச் சம்மதத் தாளும் வாங்கியதில்லை. ஜெபம் என்றால் எல்லாப் பிள்ளையும் நிற்கும், எல்லாப் பிள்ளையும் பாடும். முஸ்லிம் வீட்டுப் பையன் ஒருவன் 'அருள் நிறைந்த மரியே' முழுவதும் சொல்வான், எங்கள் பிள்ளைகளைவிடத் திருத்தமாக. அவன் அம்மா கேட்டுச் சிரித்தார். இன்னொரு வீட்டில் அப்பா சிரிக்கவில்லை. நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார், கோபமாகப் பேசினார். அவர் பேசியதில் தப்பில்லை. அடுத்த ஜூனிலிருந்து சேர்க்கையின்போதே எழுதி வாங்க ஆரம்பித்தோம். நீங்களும் கேட்டு எழுதிக் கொடுங்கள், சங்கடப்பட வேண்டாம்.

நன்னெறிப் பிள்ளைகள் 6 பேரைத் தாழ்வாரத்தில் உட்கார வைப்போம். தனியாக ஒதுக்கின மாதிரி இருக்குமே என்று எனக்கு உறுத்தல். அதனால் கொஞ்சம் மெனக்கெட்டுக் கதை சொன்னேன். தெனாலிராமன், மரியாதைராமன், எங்கள் ஆத்தா சொன்ன பேய்க் கதை. 2 வாரத்தில் மறைக்கல்வியிலிருந்து ஒவ்வொன்றாக "டீச்சர், ஒண்ணுக்கு" என்று எழுந்துவந்து தாழ்வாரத் தூணுக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தன. சர்ச்சின் பங்குச் சாமியார் ஒருநாள் வந்து எண்ணிப் பார்த்தார். உள்ளே 9, வெளியே 17. பேய்க் கதையை நிறுத்தச் சொல்லி உத்தரவு. தெனாலிராமனுக்குத் தடையில்லை.

ஆகஸ்ட் 18

ஒரு திருத்தம். ஜூன் 16இல் எழுதிய 480 ரூபாய்க் கணக்கு.

நேற்று ஒரு போன். என்னிடம் படித்த பெண், இப்போது ஏலக்கூடத்தில் கணக்கு எழுதுகிறாள். யாரோ இதைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். "டீச்சர், கமிஷன் எங்கன்னு கேட்டது நான். அவன் இல்ல." இல்லையே, அவன் கடைசி வரிசையில் என்றேன். "550 சொன்னது அவன். நோட்டுல தப்பாப் போட்டுட்டு அழுதுகிட்டு இருந்தான். அவனுக்குப் பக்கத்துல நின்னு நான்தான் கேட்டேன். நீங்க அவனைப் பார்த்துத்தான் பதில் சொன்னீங்க."

யோசித்துப் பார்த்தேன். அவள் சொல்வதுதான் சரி. அவளுக்கு அப்போது ஐந்தாம் வகுப்பு, கலந்து உட்கார்ந்திருந்ததால் அங்கே இருந்திருக்கிறாள். இத்தனை வருஷமாக எத்தனையோ கூட்டத்தில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பையன்.

சரிம்மா, கணக்காவது சரியா என்று கேட்டேன்.

"கமிஷன் சரிதான். ஆனா அந்த 900 ரூபாய் எண்ணெயும் ஐசும் யாவாரி கடனாக் குடுத்தது. அதுக்கு அவர் தனியாப் பிடிப்பாரு. அதை நீங்க போடவே இல்ல."